உப்புச் சுருட்டு

பருத்தித்துறைப் புகையிலை வியாபாரி சோமசேகரம், மகன் இந்தியாவில் வாங்கி அனுப்பிய வெளிநாட்டுச் சுருட்டைப் பற்றவைக்கிறார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிக் காத்திருந்த சுருட்டு, சீறிச் சீறி மனமில்லாமல் புகைகிறது. கடல் பக்கம், வள்ளங்களைத் தேடிச் சுடும் ஆமி ஹெலிகொப்டர் உறுமுகிறது. சுருட்டைக் கடல் கடந்து கொண்டுவந்த படகோட்டி நவம் தேத்தண்ணியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். "முதலாளி, சீமைச் சரக்கு எப்பிடி?" "எங்கடை சுருட்டின்ரை கால்தூசிக்கும் வராது. உப்புக் கரிக்குதடா!" "சின்ன முதலாளி இந்தியக் கரையிலை வைச்சுத் தந்தவர். அவர் அடுத்த வள்ளத்திலை வாறார். கடலும் குளம் மாதிரிக் கிடந்தது." இலையை நாக்கில் வைத்தே எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்ததென்று சொல்லும் மனிதர் சோமசேகரம். இது கடலில் ஊறிக் காய்ந்த இலை; குளம் மாதிரிக் கிடந்த கடலில் வள்ளத்துக்குள் இருந்த சுருட்டு எப்படி ஊறும்? நவம் நிலத்தைப் பார்க்கிறான். சுருட்டை வாயிலிருந்து எடுத்தால், மகன் எங்கே என்று கேட்கவேண்டும். அவர் எடுக்காமல் இழுத்துக்கொண்டேயிருக்கிறார்.