பெல் வயலில் மடாலயம்

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் எங்கள் பக்கத்து வயல்காரர் பெல், தன் வயலில் பழம்பொருள் தேடித் தோண்டிக்கொண்டிருந்த ஹார்வுட்டின் மூக்கை முதல் குத்திலேயே உடைத்துவிட்டார். நான் வேலியோரம், சும்மாதான், நின்றிருந்தேன்.

"எதுக்குய்யா அடிக்கிறே? வயல் பூரா பழங்கால ஆணி! காணாமப்போன மடாலயம் இங்கதான் இருந்திருக்கு!"

மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் ஹார்வுட்டின் மெட்டல் டிடெக்டரைப் பெல் பிடுங்கி, அவர் முதுகிலேயே அடித்து உடைத்தார்.

"அதிகாரிங்களுக்குச் சொல்லியாச்சு பெல். புராதன இடம். இனி நீ இங்க உழவே கூடாது."

பெல் ஹார்வுட்டின் கழுத்தை நெரித்தார். "உன்ன மாதிரி ஆளுங்க மெஷின் கத்திக் கத்தியே வெறுத்து ஓடணும்னு, இடிச்ச தொழுவத்து ஆணிய வயல் பூரா விதைச்சதே நான்தான்டா!"

பிடி தளர்ந்ததும் ஹார்வுட் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு முன்னாடி நான் மூணு மடாலயம் கண்டுபிடிச்சேன். அந்த வயல்காரங்களும் இதையேதான் சொன்னாங்க."