ரெண்டு மஞ்சள் பெட்டி

"ரெண்டையும் ஒரே கம்பெனில தரமாட்டேம்மா. மஞ்சப் பெட்டில ஒண்ணு எடுத்துக்குங்க. இன்னொண்ணு இந்த வெள்ளப் பெட்டி."

கடைக்காரர் சிங்காரம் இப்படிச் சொன்னதும் தமிழ்ச்செல்விக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவள் அவள். ஆனியில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் கேமரா கார்டுகளில் நிரம்பிக் கிடந்தன. ஆவணி முகூர்த்தத்துக்குள் கார்டுகளைக் காலி செய்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடியில் ஹார்ட் டிஸ்க் பாதி விலை என்று பார்த்துத்தான் கடலூர் செம்மண்டலத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

ஏனோதானோவென்று வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டு, யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்பே காணாமல் போனது. அந்தப் பெண்ணின் மாமியார் ஸ்டுடியோ வாசலில் நின்று விட்ட சாபம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எதையும் இரண்டு டிஸ்க்கில் போட்டு வைப்பாள். இந்த முறை ஒரு வாரம் யூடியூபில் பத்துப் பேர் பேசியதைக் கேட்டு, மஞ்சள் பெட்டிதான் உழைக்கும் என்று முடிவு கட்டியிருந்தாள்.

"மஞ்சதாண்ணே நல்ல கம்பெனி. எல்லாரும் சொல்றாங்க."

"நான் இல்லன்னு சொல்லலியே. ரெண்டும் ஒரே லாட்டு, ஒரே சமயத்துல செஞ்சது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் கூடவே படுத்துக்கும். வேற வேற கம்பெனின்னா ஒண்ணாவது நிக்கும்."

"வெள்ளைக்குத் தள்ளுபடி உண்டா?"

"அதுக்கு இல்லம்மா."

சங்கதி அதுதானா என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைப் பெட்டியின் மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி.

"காசு குடுக்கப்போறது நான்தானே? ரெண்டும் மஞ்சளாவே குடுங்க."

"கல்யாண வீடியோன்னு சொல்லிட்டீங்க. போனா திரும்ப எடுக்க முடியுமா? தெரிஞ்சே தர மனசு வரல. அதேதான் வேணும்னா வேற கடை பாத்துக்குங்க."

வெறுங்கையோடு ஊர் திரும்பப் பயம். முணுமுணுத்துக்கொண்டே மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கினாள்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் செல்போனில் கடையைத் தேடிப் பிடித்து ஒற்றை ஸ்டார் போட்டாள். கீழே எழுதினாள்: "தள்ளுபடி என்று கூப்பிட்டு, போணியாகாத சரக்கைத் தலையில் கட்டுகிறார். ஏமாறாதீர்கள்." சொந்தப் பெயரில் எழுதவில்லை. மனசு கொஞ்சம் ஆறியது.

தை பிறந்தது. ஆனியில் திருவதிகை கோயிலில் கல்யாணம் ஆன காயத்ரி போன் செய்தாள்.

"அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. அவரு குரலக் கேக்கணும்னு அம்மா அழுவுறாங்க. நீங்க குடுத்த வீடியோவுல முழுக்கப் பாட்டுதாங்க்கா இருக்கு. எடுத்தது எடுத்தபடி வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா. சாயங்காலம் வாங்க."

சொல்லிவிட்டு மஞ்சள் டிஸ்க்கைச் செருகினாள். டிக், டிக் என்றது. திறக்கவில்லை. ஒயரை மாற்றினாள், கம்ப்யூட்டரை மாற்றினாள். டிக், டிக். அந்த வளைகாப்பு மாமியாரின் குரல் புதிதாகக் கேட்டது.

மிச்சம் இருப்பது அந்த வெள்ளைதான். அதைச் செருகினாள். அந்த அரை நிமிஷத்தில் அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

திறந்தது!

பந்தியில் நின்றுகொண்டு காயத்ரியின் அப்பா கத்திக்கொண்டிருந்தார். "மச்சான், என்ன அதுக்குள்ள எல மடிக்கிற? பாயசம் ஊத்துப்பா அவருக்கு!"

தமிழ்ச்செல்வி அழுதேவிட்டாள்.

மறுநாளே ஸ்வீட் பாக்கெட்டோடு கடலூர் போனாள். கடையில் இப்போது பொங்கல் தள்ளுபடி. சிங்காரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லதும்மா. அந்த மஞ்சள எடுத்துட்டு வாங்க, வாரண்டில மாத்தித் தரேன்."

அதற்குள், பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "மஞ்சப் பெட்டில ரெண்டு குடுங்க. பாப்பா பொறந்ததுலேருந்து எடுத்த போட்டோ எல்லாம் ஏத்தணும்" என்றார்.

சிங்காரம் உடனே இரண்டு மஞ்சள் பெட்டிகளை எடுத்து வைத்து பில் போட்டார்.

"அண்ணே, எனக்குச் சொன்னத அவருக்குச் சொல்லலியா?" தமிழ்ச்செல்வி கிசுகிசுத்தாள்.

"இப்பல்லாம் யாருக்கும் சொல்றதில்லம்மா. யாரோ நெட்டுல என்னப்பத்தி அசிங்கமா எழுதிட்டாங்க. எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. கேக்கறதக் குடுத்துட்டுப் போறேன். எனக்கெதுக்கு வம்பு?"

தமிழ்ச்செல்விக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவசரமாகப் பெண்ணாடத்துக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ரெண்டும் ஒரே கம்பெனி வாணாம். ஒண்ணு அந்த வெள்ளைல எடுங்க. பட்டுட்டுச் சொல்றேன், கேளுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு மஞ்சள் பெட்டிகளையும் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒற்றை ஸ்டார்.

"இதுக்கு ஆள் வேற வச்சிருக்காங்களா? நல்லவேள, பஸ்ஸுலயே இதப் படிச்சுட்டேன். எழுதினவங்க யாரோ, அவுங்க புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்மா!"