உப்புச் சத்தம்

வீட்டிலேயே இசையமைக்கும் தமிழரசன் மாதிரிக்கு அனுப்பிய இரண்டு வரியைக் கேட்டுத்தான், உப்பள முதலாளி அய்யனார் விளம்பரப் பாட்டையே அவனிடம் கொடுத்தார்.

வீட்டுக் கம்ப்யூட்டரோ ஒலி எஃபெக்டுகளின் பாரம் தாங்காமல் ஹெலிகாப்டராக அலறி, பாட்டெங்கும் கரகரப்பைத் தூவியது. கம்ப்யூட்டர் திணறாமலிருக்க அவன் பஃபர் அளவைக் கூட்டி, எஃபெக்டுகளைக் குறைத்து, பாட்டைப் பளிங்காக்கிக் கொண்டுபோனான்.

அய்யனார் முகம் சுண்டியது. "ஏம்பா, மாதிரியில உப்பு மேல நடக்குற சத்தம் கரகரன்னு வந்துச்சே, அதுக்காகத்தான் உனக்குக் குடுத்தேன். அது இல்லன்னா பாட்டு வேணாம்."

வீட்டுக்கு ஓடியவன், மாதிரியிலும் விழுந்திருந்த அந்தக் கரகரப்பு திரும்ப வரட்டுமென்று, கம்ப்யூட்டரில் மறுபடி மலையளவு பாரம் ஏற்றினான். அது ஒரு கரகரப்புமின்றிச் சமர்த்தாக ஓடியது. வேறு வழியின்றி மைக்கோடு உப்பளத்தில் இறங்கி, உள்ளங்கால் எரிய நடந்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து பாட்டில் சேர்த்தான்.

கேட்டுவிட்டு அய்யனார் உதட்டைப் பிதுக்கினார்.

"இது உப்பு மாதிரியே இல்லையேப்பா. பொறந்ததுலேர்ந்து உப்புல நடக்குறவன், எனக்குத் தெரியாதா?"