முழங்கைக்குக் கீழே

அலுவிகாரையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு பிரவீனா ஒரு பச்சைப் பூப்போட்ட ப்ளவுஸைக் கொண்டுவந்து, அதன் கையை முழங்கைக்குக் கீழே வரை இறக்கித் தரச் சொன்னாள். அளவெடுக்கும்போது அவள் மேல்கையில் ஐந்து விரலும் பதிந்து நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். புருஷன் பொண்டாட்டி விஷயம் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கடையில் மிச்சமிருந்த அதே துணியில் ஒட்டுப் போட்டு இறக்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் வந்தாள். ப்ளவுஸின் கை மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது.

“துவைச்சதுல சுருங்கிருச்சா?”

“இன்னும் துவைக்கவே இல்லக்கா.”

வெட்டிய அடையாளம் எதுவும் இல்லை. நான் வைத்த துணியைத்தான் காணோம். இன்னும் கூடுதலாக வைத்துத் தைத்தேன். அதுவும் போய்விட்டது. நூலை மாற்றினேன். மெஷினைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

நேற்று அவள் புருஷன் தர்சன் வந்தான். வெளியில் யாரிடமும் அதிர்ந்து பேசாத ஆள். அவனுடைய வெள்ளைச் சட்டையின் கைகள் விரல்களையும் தாண்டித் தொங்கின. நுனியில் பச்சைப் பூத் துணி இருந்தது. அதில் ஓடியது என் தையல்.

“எந்தச் சட்டைய போட்டாலும் இப்படித்தான் ஆகுது அக்கா. மடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. கையால ஒண்ணையும் பிடிக்க முடியல. கொஞ்சம் வெட்டி விடுங்க.”

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். இது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.