தோளில் இறங்கிய ஊசி

“சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாம பண்ணிட்டாளே, ஊசி போட்டவ மேல கேஸ் போடுடா வெண்டல்!” மருந்துக்கடை வாசலிலேயே கத்தினாள் அக்கா ஆர்டிஸ்.

“அவ மேல எதுக்குக்கா? ஃப்ளூ ஊசி தோள்மூட்டுல இறங்கிட்டா அரசாங்கமே நஷ்டஈடு தருதுன்னு வக்கீல் சொல்றார்.”

“கை தூக்க முடியல, பரிஞ்சு பேச மட்டும் முடியுது! ஊசி போடறவ தோளைப் பாக்க வேண்டாமா?”

“என் மூஞ்சியைப் பாத்துட்டா.”

யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அறிந்த ஆர்டிஸ், அப்போதுதான் தம்பியைக் கவனித்தாள். தலை படிய வாரியிருந்தது. சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது.

“இதெல்லாம் யாருடா செஞ்சுவிடறா?”

கடைக்குள்ளிருந்து, ஊசி போட்ட கிரெட்டா சீப்பை ஆட்டிக் காட்டினாள்.

நஷ்டஈடு வந்ததும் இருவரும் கல்யாணம் முடித்து டுலூத் நகரத்துக்குக் குடிபோனார்கள். இந்த வருஷ ஃப்ளூ ஊசியை மட்டும் வெண்டல் வேறு கடையில் போட்டுக்கொண்டானாம்.