திரையில் இரண்டு பிள்ளைகள்

"இந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க. பாவம்!" என்றார் மழலையர் பள்ளி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பயிற்சியாளர்.

திரையின் வலது பக்கத்தில், முக்காடு போட்ட ஒரு சிறுமி வரிசையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஓதிக்கொண்டிருந்தாள். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் 'இஸ்லாமிய முறை'.

இடது பக்கம் 'மேற்கத்திய முறை'. அங்கே ஒரு சிறுமி முகமெல்லாம் சேறும் பறட்டைத் தலையுமாகக் குழாயடியில் நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குழந்தை தானா தேடிக் கத்துக்குது. அங்க குழந்தை வெறும் பாத்திரம். நாம ஊத்துறதுதான்."

மூன்றாவது வரிசையில் இருந்த டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பட்டாசு டீச்சர்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

பாத்திரமாம், பாத்திரம்! நுனிப்புல் மேய்ந்துவிட்டு வந்து என்ன பேச்சு பேசுகிறார் இந்த மனிதர்! ஏழு வயதுவரை பிள்ளையோடு விளையாடு என்பது அவள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து ஓயாமல் வரும் சொல். ஓதுகிற பிள்ளை விளையாடாது என்று இவருக்கு யார் சொன்னது?

முதல் வரிசையில் அவளுடைய பள்ளி நிர்வாகி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மழலையர் பிரிவில் காலையில் நடக்கும் ஓதும் வகுப்பை வைப்பதா எடுப்பதா என்பதை இந்தக் கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றிருந்தார். அந்த வகுப்புக்காக அவரிடம் நடையாய் நடந்தவள் அவள்.

"உங்க குழந்தையை எந்தப் பக்கம் உட்கார வைப்பீங்க? கையைக் காட்டுங்க."

அத்தனை கைகளும் இடது பக்கம் நீண்டன. நிர்வாகியின் கையும்தான்.

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த வேற்றுப் பள்ளி டீச்சர், "உட்காருங்கக்கா, எதுக்கு வம்பு?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உதறினாள்.

"சார், இந்தப் படமெல்லாம் எங்க எடுத்தது?"

"எங்க ஆளு பத்துப் பதினஞ்சு ஸ்கூலுக்குப் போய் எடுத்தாரு. ஏன்மா?"

"இது ரெண்டும் எங்க ஸ்கூல், சார். ஒரே நாள் காலையில எடுத்தது. ஓதி முடிச்சு முக்காட்டைக் கழட்டிப் போட்டுட்டு, நேரா போய் சேத்துல இறங்கினா. ரெண்டு படத்துலயும் இருக்கிறது ஒரே பொண்ணு."

திரையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"என் பொண்ணு, சார்."

நிர்வாகி நீட்டிய கையை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டார்.

பயிற்சியாளர் திரும்பி முக்காட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பிறகு, சட்டையில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க மறந்து, உதவியாளரின் காதருகே குனிந்தார்.

"வலது பக்கத்துக்கு வேற படம் இருக்கா பாரு."