தெர்மாகோல் மேல் ஒரு குளம்

"இது கல்யாண மேடையில பேரு வெட்டி ஒட்டுறதுல்ல மாப்ள? இதப் போயி தண்ணிக்கு அடியில போடுறேங்கிறீங்க?"

பக்கத்து வீட்டுப் பெரியவர் பாவாடை, வெள்ளை அட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அதே தெர்மாகோல்தான் மாமா. இது ரெண்டு இஞ்ச் கனம். நம்ம ஊரு மண்ணு பூரா சுண்ணாம்புக்கல்லு. குளத்த அப்படியே வச்சா தண்ணி கனத்துல கல்லு குத்திக் கிழிச்சிரும். இத விரிச்சுட்டா குத்தாது. புள்ள காலுக்கும் மெத்துனு இருக்கும்" என்றான் ராசாங்கம்.

துபாயில் ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் வேலை அவனுக்கு. மேனேஜர் வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பிளாஸ்டிக் குளத்தை மடித்துக் கட்டி, ஒரு மாத லீவில் எடுத்து வந்திருந்தான். பத்தடி வட்டம், மூன்றடி உயரம். தெர்மாகோல் திருச்சியிலிருந்து பஸ் கூரையில் ஏறி வந்தது.

அவன் மனைவி பூங்காவனம் குனிந்து, கொல்லைத் தரையில் கிடந்த கற்களைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இதையாவது கவனமா செய்யி" என்றான் ராசாங்கம்.

அந்த 'இதையாவது' பாவாடையின் காதிலும் விழுந்தது. "நான் போயி மோட்டாரப் போட்டு வுடுறேன்" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்து ஐந்து நாளாகியும் ராசாங்கத்தின் கோபம் ஆறவில்லை. போன ஐப்பசியில், ஏழு வயது மகள் நர்மதா, ஊருக்கு வெளியே கல் வெட்டிவிட்டுப் போட்டிருந்த குழியில் விழுந்துவிட்டாள். மழைத் தண்ணீர் ஆள் ஆழத்துக்கு நின்ற குழி. ஆடு மேய்க்க வந்த யாரோ ஒரு பெண் குதித்துத் தூக்கினாள் என்று பூங்காவனம் போனில் சொன்னாள். அடுத்த வாரம் இன்னொரு போன். வாசலில் வழுக்கி விழுந்ததில், வயிற்றிலிருந்த மூன்று மாதக் கரு கலைந்துவிட்டதாம்.

"ஒரே மாசத்துல ரெண்டு" என்றான் அவன், அட்டைகளை வரிசையாகப் பொருத்தியபடி. "ஒண்ணு போயே போச்சு. இன்னொண்ணு யாரோ செஞ்ச புண்ணியத்துல தப்பிச்சுது. நீ கரையில நின்னு கத்திக்கிட்டு இருந்திருக்க."

பூங்காவனம், இரண்டு அட்டைகளுக்கு நடுவே தெரிந்த சந்தில் டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"அந்தப் பொம்பள வாலிகண்டபுரம் பக்கம்னு சொன்ன. நேத்துப் பூரா அங்க தெருத் தெருவா விசாரிச்சேன். அப்படி யாரையும் தெரியலங்கிறாங்க. பேரக் கூடவா கேட்டு வைக்க மாட்ட? பாத்து ஒரு கும்பிடு போட வேணாமா நான்?"

"அந்த நேரத்துல கேக்கத் தோணலைங்க."

"உனக்கு எதுதான் தோணும்?"

குளம் நிறைய மதியமாகிவிட்டது. தெர்மாகோல் ஒரு பக்கமும் அமுங்காமல், தண்ணீர் மட்டமாக நின்றது. ராசாங்கம் உள்ளே இறங்கி, மகளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"வா கண்ணு. அப்பா புடிச்சுக்கிறேன். இந்த லீவு முடியிறதுக்குள்ள நீச்சல் கத்துக்கிட்டீன்னா, அப்பா அங்க நிம்மதியாத் தூங்குவேன்."

நர்மதா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். அந்த ஐப்பசிக்குப் பிறகு, குளிக்கத் தொட்டி அருகே போகவும் அவள் அழுவாள்.

"அப்பா இருக்கேன்ல? என்ன பயம்?"

"அம்மா வந்தாதான் எறங்குவேன்."

"அம்மாவுக்கே நீச்சல் தெரியாது. அது வந்து என்னம்மா பண்ணும்?"

"தெரியும்பா" என்றாள் நர்மதா. "அன்னைக்கு அம்மாதான குதிச்சு வந்து, என் தலமுடியப் புடிச்சு இழுத்துச்சு."

ராசாங்கம் நீட்டிய கையை மடக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் மகளின் தோளைத் தொட்டாள்.

"உள்ள போயி துண்டு எடுத்துட்டு வா சாமி. அப்புறம் அம்மாவும் உங்கூட எறங்குறேன்."

சிறுமி ஓடினாள். அவள் வீட்டுக்குள் போனதும் ராசாங்கம் குளத்தின் விளிம்புக்கு வந்தான்.

"நீயா?" என்றான் அவன்.

"ஏலாக்குறிச்சியில, கொள்ளிடக் கரையில பொறந்தவங்க நான். நீச்சல் தெரியுமான்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல."

"அப்ப ஏன் யாரோ ஒருத்தின்னு சொன்ன? இத்தன நாளா நான் பேசுனதெல்லாம் ஏன் கேட்டுக்கிட்டு இருந்த?"

பூங்காவனம் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குதிச்ச எடத்துல தண்ணிக்குள்ள பாற இருந்துச்சுங்க, அடி வயித்துல பட்டுருச்சு. வயித்துல இருந்தது நெலைக்காதுன்னு அப்பவே பயந்துட்டேன். இவளாலதான் அது போச்சுன்னு நாளைக்கு யாரும் இவள ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான், யாரோ ஒருத்தி குதிச்சான்னும், வாசல்ல வழுக்கிட்டேன்னும் சொன்னேன்."